பொன்னம்மைக் கல்

சாலை என்கிற கடைத்தெருவில் வழி தெரியாமல் நிற்பவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், வேலப்பனிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார். தெரிந்தாலும் சொல்வார், தெரியாவிட்டாலும் சொல்வார். தலையில் வத்தல் மூட்டை இருக்கும், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், ஆனாலும் ஒரு கையை விட்டு, "நேரே போயி எடத்தோட்டு திரும்புங்க, ஒரு ஆலமரம் வரும்" என்று காட்டுவார். அந்த ஆலமரத்தைப் பார்த்தவர்கள் இன்றுவரை யாருமில்லை.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்வதில்லை. பணகுடியிலிருந்து இருபது வயதில் இந்த மலையாள நகரத்துக்கு வந்து இறங்கிய ஆள். கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவர் ஊர்ப்பழக்கம். தாகமென்று வந்தவனிடம் தண்ணீர் இல்லை என்பதும், கேட்டவனிடம் தெரியாது என்பதும் அவருக்கு ஒன்றுதான். சுமட்டுத் தொழிலாளிகள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்லித்தான் அவரை ஓட்டுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் மகள் இசக்கிசெல்விக்குச் சின்ன வயதில் இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வெட்கமாக இருந்தது. சாலையில் தலைச்சுமை எடுத்த தமிழர்களின் வரலாற்றை எழுதுகிறேன் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு, அப்பா சொன்ன எதையும் ஆய்வேட்டில் சேர்ப்பதில்லை என்று தனக்குள்ளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அச்சில் வந்ததை மட்டும்தான் எடுத்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் பூனையை வாசலில் விரட்டினால் அது கொல்லைப்புறமாக வந்துவிடும்.

வெல்லக்கடைச் சந்து பெரிய தெருவில் வந்து சேரும் முக்கில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு குத்துக்கல், அதன்மேல் குறுக்காக ஒரு கல், ஆள் மார்பு உயரம். லாரி வராத காலத்தில் மூட்டையோடு வந்தவன் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போவான். தெற்கே இப்படிப்பட்ட கல் ஊருக்கு ஊர் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் புருஷன் வீட்டார் நாட்டுவார்கள். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

சாலையில் நிற்கும் கல்லுக்குப் பொன்னம்மைக் கல் என்று பெயர். சுமடு எடுக்கிறவன் பெண்டாட்டி பொன்னம்மை, எட்டு மாத வயிற்றோடு உப்பு மூட்டை சுமந்து வந்து, அந்த முக்கில் விழுந்து செத்தாள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆடி மாதம் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் அங்கே விளக்குப் போடுவார்கள். பிள்ளை உண்டானவர்கள் பச்சை வளையல் கொண்டு வைப்பார்கள். இசக்கிசெல்வியின் அம்மா நாச்சியாருக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது அவள் ஒரு கூடை அரிசியைத் தலையில் சுமந்து போய், கல்மேல் இறக்கி வைத்து, "எம்மா பொன்னம்மை, என் சுமையை நீதான் பாத்துக்கிடணும்" என்று அழுதிருக்கிறாள். அப்படிப் பிறந்தவள்தான் இசக்கிசெல்வி.

அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பொன்னம்மைதான். ஒரு தொழிலாளிப் பெண்ணுக்காக நகரத்தின் நடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியிருந்தாள். நெறியாளர் ராஜஸ்ரீ டீச்சருக்கு மிகவும் பிடித்த அத்தியாயமும் அதுதான்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஜூலை மாதம் முடியும்வரை தவணை. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாகிவிட்டது, இனிமேல் நீட்ட மாட்டார்கள். கொடுக்கும் முன் நூலகத்தில் அதைச் சரிபார்த்து ஒப்புக் கையெழுத்து வைக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் வந்து, எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஆனால் ஒப்பு வைக்கிற மேசையில் இருந்தவள் ஆஷா. கரமனை அக்ரகாரத்துப் பெண், இசக்கிசெல்வியைவிட ஏழெட்டு வயது மூத்தவள் இருக்கலாம். பிடித்தால் உடும்புப் பிடி என்கிற ரகம். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவள் எடுக்கும் வகுப்பில், "ஒருத்தர் சொன்னார்னு இன்னொருத்தர் சொன்னதைக் கொண்டு வராதேங்கோ, சொன்னவரைப் பிடிச்சுண்டு வாங்கோ" என்பாள். மாணவர்கள் அவளுக்குப் போலீஸ்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நூலகத்துச் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் திரையாக வழிந்தது.

"எட்டு சதவீதம்தான். இதுல ஒனக்கு ஒரு தொந்தரவும் வராது," என்றாள் ஆஷா. "ஆனா மூணாம் அத்தியாயத்துல, பொன்னம்மைங்கிற பேருக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டிருக்கியே, அதைப் பிடிச்சுண்டு போனேன்."

"போயி?"

"போயிண்டே இருக்கு. நீ ஒரு புஸ்தகத்தைக் காட்டறே. அந்தப் புஸ்தகக்காரர் ஒரு கட்டுரையைக் காட்டறார். கட்டுரைக்காரர் வேற ஒருத்தரை. அவர் ஒரு பத்திரிகையை. எல்லாரும் ஒரே தண்ணியைப் பாத்திரம் மாத்திப் பாத்திரம் மாத்தி ஊத்தியிருக்கா. கெணறு எங்கேன்னு ஒருத்தரும் போய்ப் பாக்கல்லே."

"கெணறு உண்டா அக்கா?"

"உண்டு கேட்டோ. யோசுவான்னு ஒருத்தர் இங்கேதான் ஆராய்ச்சி பண்ணியிருக்கார், நீ பொறக்கறதுக்கு முன்னாடி. அவரோட ஆய்வேட்டுல, சாலையில் ஒலிநாடாவில் பதிவு செய்ததுன்னு ஒரே ஒரு வரி. அந்தக் காசெட்டெல்லாம் அவர் நம்ம லைப்ரரிக்கே குடுத்துட்டார். போன வருஷம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தி முடிச்சோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தொறந்து கேக்கல்லே. பின்னே என்ன, நீயே மொதல்ல கேளு. நான் இன்னும் கேக்கல்லே. ஒனக்குன்னுதான் வெச்சிருக்கேன்."

இசக்கிசெல்விக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. பொன்னம்மையைப் பார்த்தவர்கள் யாராவது, அந்தக் காலத்துக் கிழவனோ கிழவியோ, நடுங்கும் குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் இரைச்சல். பிறகு தள்ளுவண்டிச் சத்தம், யாரோ வழி விடச் சொல்லி "மாறு மாறு" என்று கத்துவது, டீ ஆற்றுகிற சத்தம். மலையாளம் கலந்த தமிழில் ஒருவர், யோசுவாவாகத்தான் இருக்கவேண்டும், கேட்டார். "ஈ கல்லு ஆருக்கு வேண்டி நாட்டினது?"

"அதுவா சார்?" என்றது ஒரு இளங்குரல். "எழுதிக்கிடுங்க."

இசக்கிசெல்வியின் கை தானாகவே ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. எழுதிக்கிடுங்க. அந்தச் சொல்லை அப்படி நீட்டி, கடைசியில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்கிற ஆள் இந்த நகரத்தில் ஒருவர்தான் உண்டு.

"இது ஒரு பொம்பளைக்கு நாட்டுன கல்லு. வயித்துப் பிள்ளையோட செத்துப்போனா. எட்டு மாசம்."

"அவருடெ பேரு?"

பதில் உடனே வரவில்லை. கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். ஒரு செருமல்.

"பொன்னம்மை. பொன்னம்மைன்னு பேரு சார். சொமடு எடுத்துட்டு வாறப்பம் விழுந்துட்டா. உப்பு மூட்டைன்னு வச்சுக்கிடுங்க."

அந்த மனிதர் நன்றி சொல்லி, குரலுக்குரியவரின் பெயரைக் கேட்டார்.

"வேலப்பன். பணகுடி. இங்கன வந்து மூணு மாசம் ஆவுது சார்."

இசக்கிசெல்விக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரெல்லாம் அப்பா காட்டிய ஆலமரத்தைத் தேடி அலைந்திருக்கிறது, புத்தகம் போட்டவர்கள் உட்பட. பிறகு பச்சை வளையல்கள் நினைவுக்கு வந்தன, அரிசிக் கூடை நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தவனுக்கு எப்போதோ நாட்டிய கல்லைப் பற்றி என்ன தெரியும்? அம்மா யாரைக் கும்பிட்டாள்?

ராஜஸ்ரீ டீச்சர் போனில் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சாரமில்ல மோளே, கவலைப்படாதே," என்றார். "அஞ்சு பேர் எழுதியிருக்கு. நீ ஆறாவது ஆள். உன்னெ யாரும் சோத்யம் செய்யாது, ஒரு கேள்வியும் வராது. இப்ப மாத்தினா அந்த அத்தியாயமே நிக்காது. தவணை முடியறது அறியாமோ?"

டீச்சர் கெட்டவர் இல்லை. மாணவி கரை சேரவேண்டும் என்ற கவலைதான். இசக்கிசெல்வி ஆஷாவின் மேசைக்குத் திரும்பி வந்து, கேட்டதையெல்லாம் சொன்னாள்.

"நான் ஒப்பு வெச்சுத் தரேன்," என்றாள் ஆஷா. "என் வேலை அவ்வளவுதான். அடிக்குறிப்பு போட்டிருக்கே, ஆதாரம் இங்கேயே இருக்கு, ஒரு தப்பும் இல்லே. ஆனா நீ கேட்டுட்டியே இசக்கி. கேட்டப்புறம் அதை எப்படி எழுதுவே?"

"எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன் அக்கா?"

ஆஷா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஆய்வுக்காக எடுத்துக்கொள்ள அந்தப் பதிவின் ஒரு பிரதியை இசக்கிசெல்வியின் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

அவர்கள் வீடு கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் நடுவீடு. ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விட்டு விட்டு மழை. ஓடை நிறைந்து முற்றத்தில் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. நாச்சியார் மரச்சீனிக் கிழங்கை அவித்து, தேங்காய் அரைத்துச் சாளைமீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். புளியும் மிளகும் கொதிக்கும் வாசனை அடுத்த வீட்டுக்கும் போயிற்று. வேலப்பன் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, மூட்டை இழுக்கும் கொக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவிடம் தனியாகக் கேட்டுவிடலாம் என்றுதான் இசக்கிசெல்வி செல்போனோடு அங்கே போனாள். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போக, ஒலியைக் கூட்டிவைத்தாள். அதுதான் தப்பாகிப் போயிற்று.

"எழுதிக்கிடுங்க" என்று இளவயது வேலப்பன் சொன்னபோது வயதான வேலப்பன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"எட்டி, இது நானில்லா! எங்கன கிட்டிச்சு உனக்கு? அந்த சார் நல்ல மனுசன், கேட்டியா. டீயும் ரசவடையும் வாங்கித் தந்தாரு."

"அப்பா, வந்து மூணு மாசத்துல உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"அது பொன்னம்மை கல்லுன்னு. யாரு சொன்னா உங்களுக்கு?"

வேலப்பன் கொக்கியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"டீ வாங்கித் தந்து ஒரு மனுசன் கேக்காரு. அவருகிட்ட தெரியாதுன்னா சொல்லுகது? வாயில வந்துட்டு, சொன்னேன். அவரு அதைப் பேப்பர்ல போடுவாருன்னு நான் கண்டேனா? பேப்பர்ல வந்ததும் பயலுவ எல்லாம் பொன்னம்மைக் கல்லு பொன்னம்மைக் கல்லுன்னு சொல்ல ஆரம்பிச்சானுவ. பின்னெ பொம்பளையள் வெளக்கு வச்சாளுவ. எல்லாம் ஆனப்பொறவு நான் போயி இல்லைன்னா சொல்லுவேன்?"

நிலைப்படியில் நாச்சியார் நின்றுகொண்டிருந்தாள். கையில் மரச்சீனித் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"என்னைய கெட்டிக் கூட்டியாந்த மறுநாளு," என்றாள் அவள், "கையைப் பிடிச்சுக் கொண்டுபோயி காட்டினீங்க. இதாக்கும் பொன்னம்மைன்னு."

"அது, எல்லாரும் சொல்லுகதுதானட்டி..."

"ரெண்டு பிள்ளை போனப்பம் அங்கன போயி விழுந்து கெடந்தேன். அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா?"

நாச்சியார் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் குழம்பு பக்கத்து வீட்டு சிஜிக்குப் போயிற்று.

"நான் இதை எழுதணும்பா," என்றாள் இசக்கிசெல்வி.

"எதை?"

"நீங்க தெரியாமலே சொன்னதை."

வேலப்பனுக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. "எழுதுவியா? அப்பன் புளுகன்னு புஸ்தகத்துல எழுதுவியா? நான் சாலையில தலை நிமிந்து நடக்காண்டாமா? அவனுவ வழி கேட்ட கதையையே இம்புட்டு வருசமா சொல்லிச் சிரிக்கானுவ. எல்லாரும் புஸ்தகத்துல எழுதியாச்சு, உனக்கு மட்டும் என்னட்டி நோக்காடு?"

"எல்லாரும் எழுதினது உங்களைப் பாத்துதாம்பா. அவங்க யாரும் உங்க மக இல்ல. நான் உங்க மக. நான் எப்படி எழுதாம இருப்பேன்?"

சொல்லி முடித்தபின் அவள் மனது அசையவில்லை. மறுநாள் காலையில் டீச்சரை நேரில் பார்த்து, அத்தியாயத்தைத் திருப்பி எழுதப்போகிறேன் என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேர்வாளர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார். சரி டீச்சர் என்றாள். தவணைக்குள் முடியுமா என்று கேட்டார். முடிப்பேன் என்றாள்.

அந்த வாரம் முழுக்க நூலகம் திறக்கும்போது போய் மூடும்போது வந்தாள். பொன்னம்மை இல்லையென்றால் அந்தக் கல் யாருடையது என்ற கேள்விக்கு எங்காவது ஒரு நூல் நுனி கிடைக்குமா என்று தேடினாள். ஆஷா பழைய நில அளவை வரைபடங்களை எடுத்துப் போட்டாள். எங்கே எதைத் தேடலாம், எங்கே தேடுவது வீண் என்று அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. உடைந்துவிடும்போலிருந்த ஒரு வரைபடத்தில், வெல்லக்கடைச் சந்து முக்கில், சின்னதாக ஒரு குறி. சுமைதாங்கி. அவ்வளவுதான். யோசுவா சாலைக்கு வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னாலேயே கல் அங்கே நின்றிருக்கிறது. யாருக்கு என்று ஒரு எழுத்து இல்லை.

"கல் போடச் சொன்னவாளுக்கு அவ பேரு தெரிஞ்சிருக்கும்," என்றாள் ஆஷா, வரைபடத்தை உறைக்குள் வைத்தபடி. "படம் வரைஞ்சவன் கேக்கல்லே. கேட்டிருந்தா இன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஆத்துக்குப் போய்த் தூங்கியிருக்கலாம்."

வீட்டில் அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். வேலப்பன் அதைத் தாங்கமாட்டாமல் வீட்டுக்கு வரும் நேரத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டார். நாச்சியார் ஏசியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை. ஏச்சு வாங்கிப் பழக்கப்பட்டவர், மௌனம் வாங்கிப் பழக்கமில்லை.

ஆடி வெள்ளி வந்தது. சாயங்காலம் சிஜி எட்டிப் பார்த்தாள். "அக்கா, விளக்கு வைக்கான் வரலையா?" நாச்சியார் அடுப்படியிலிருந்தே, "எனக்குத் தலைவலி, நீ போ" என்றாள். எண்ணெய்ப் புட்டியும் திரியும் அலமாரியில் அப்படியே இருந்தன. மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்த இசக்கிசெல்விக்கு எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. போகவில்லை. அம்மாவின் முதுகு அப்படி இருந்தது.

அப்போதுதான் வேலப்பன் நனைந்து வந்தார். நீலச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சுமைக்கடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியைப் பிழிந்து தலையைத் துவட்டிக்கொண்டு, அடுப்படி வாசலில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"முக்கு வழியாத்தான் வந்தேன். பொம்பளையள் எல்லாரும் உன்னையக் கேட்டாளுவ," என்றார்.

நாச்சியார் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"நாச்சியாரு, பொன்னம்மைன்னு ஒருத்தி உண்டும்."

நாச்சியார் கரண்டியை நிறுத்தினாள்.

"எங்கக்கா. மூத்தவ."

"உங்கக்கா சின்னதுலயே காய்ச்சல்ல போயிட்டான்னுல்லா சொன்னீங்க?"

"காய்ச்சல் இல்ல. களக்காட்டுல கெட்டிக் கொடுத்திருந்தது. எட்டு மாசம் அவளுக்கு. வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போற வழியில விழுந்துட்டா. ஆசுவத்திரிக்குக் கொண்டு போகதுக்குள்ள ரெண்டு உசுரும் போயிட்டு. கல்லு போடணும்னு எங்கம்மா கெடந்து அடிச்சுக்கிட்டா. போடவேண்டியது மாப்பிள வீட்டுக்காரன். அவன் போடல. அடுத்த ஆவணியில அவனுக்கு வேற கல்யாணம். நாம போடுவம்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். அது முறையில்லலேன்னுட்டாரு. அந்த வருசம்தான் நான் ஊரை விட்டு வந்தேன், பாத்துக்கோ. அந்த வீட்டுல இருக்கப் பிடிக்கல."

அவர் துணியை மடியில் வைத்துச் சுருட்டினார், பிரித்தார்.

"அந்த சார் வந்து, இந்தக் கல்லு யாருக்குன்னு கேட்டாரு. கல்லைப் பாத்தேன். யாருக்குன்னு எனக்கென்ன தெரியும்? ஆனா பேரு வந்துட்டு. வந்தப்பொறவு எனக்கு... எப்படிச் சொல்ல. எங்கக்காவுக்குக் கல்லு கிட்டிட்டுல்லான்னு ஒரு இது. சொமடு எடுத்துக்கிட்டு அந்த வழியா போறப்பல்லாம் ஒரு கை வச்சுட்டுப் போவேன். உன்கிட்ட சொல்லணும்னு நெனைப்பேன். நீ அங்கன விளக்கு வச்சுக் கும்பிட்டு நிக்கதைப் பாத்தா சொல்லத் தோணாது. எங்கக்காவுக்குக் கும்பிட ஒரு ஆளு உண்டேன்னு இருக்கும்."

இசக்கிசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துச் செருமிய அந்த இடைவெளியை அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள். பொய்யைத் தேடுகிற இடைவெளி என்று நினைத்திருந்தாள்.

நாச்சியார் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பம் இம்புட்டு வருசமா நாத்தனாரையா கும்பிட்டிருக்கேன்?" என்றாள். "அவ உசுரோட இருந்திருந்தா என்னைய என்ன பாடு படுத்தியிருப்பாளோ."

வேலப்பன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். வாரம் முழுக்க இல்லாமலிருந்த ஒரு சிரிப்பு வீட்டுக்குள் வந்து, உடனே போய்விட்டது.

"ஆனா ஒண்ணு கேக்கேன்," என்றாள் நாச்சியார். "உங்கக்காவுக்குக் கல்லு கிட்டிட்டு. செரி. அந்தக் கல்லுக்கு ஒரு சொந்தக்காரி உண்டுல்லா? யாரோ ஒருத்தி, வயித்துப் பிள்ளையோட செத்தவ. சும்மாவா நாட்டுவாங்க? அவளுக்குள்ள எடத்துல உங்கக்காவைக் கொண்டு இருத்தியிருக்கீங்க. அவளை ஒருத்தரும் கேக்காம ஆயிட்டுல்லா?"

வேலப்பன் இதை ஒருநாளும் நினைத்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மக்கா," என்று நாச்சியார் மகள் பக்கம் திரும்பினாள். "நீ எழுது. ரெண்டையும் எழுது. இவரு சும்மா எழுத விடமாட்டாருன்னா, இவரே வந்து சொல்லுவாரு."

"நானா? எங்கன?"

"லைப்ரரியில. உங்க புளுகு அங்கனதானே இருக்கு? அங்கனயே போயி நேரைச் சொல்லணும்."

"பயலுவ சிரிப்பானுவட்டி."

"சிரிக்கட்டும். நான் ஒரு வாரமா அழுதேன்லா? அதைவிடவா?"

பேசி முடித்தாள். எழுந்து அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். அன்று அவள் முக்குக்குப் போனபோது கல்லின்மேல் இரண்டு அகல் வைத்தாள். மழைச்சாரலில் அணையாமலிருக்க முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். எதற்கு ரெண்டு என்று சிஜி கேட்டதற்கு, "சொல்லுகேன், இரு" என்றாள். வேலப்பன் எதிர்க்கடை ஓரமாக, நனைந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த வேட்டி, தலையில் எண்ணெய். இவ்வளவும் போட்டுவிட்டுத் தோளில் பழக்கதோஷத்தில் சும்மாட்டுத் துணியையும் போட்டுக்கொண்டார். நாச்சியார் கூடவே வந்தாள். வழியில் எங்காவது இறங்கி ஓடிவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் வேலப்பன் அண்ணாந்து பார்த்தார். அலமாரி, அதற்கு மேல் அலமாரி, இரும்புப் படிக்கட்டு, மேலே இன்னொரு தளம் முழுக்கப் புத்தகம்.

"இம்புட்டையும் யாரு மக்கா ஏத்தி எறக்குகது?" என்றார்.

படிக்கட்டு ஓரத்தில் நின்ற அவரை ஊழியர் என்று நினைத்து, ஒரு மாணவி, பழைய பத்திரிகைகள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டாள். வேலப்பனின் கை தானாக உயர்ந்தது. "நேரே போயி..." என்று தொடங்கிவிட்டார். இசக்கிசெல்வி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஆஷா அவர்களைப் பின்பக்கம் ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப் போனாள். "வாங்கோ, உக்காருங்கோ மாமி, ஃபேன் வேணுமா?" என்று நாச்சியாருக்கு நாற்காலி போட்டாள். மேசையில் ஒரு சின்னப் பதிவுக் கருவி. எதற்காகப் பதிவு செய்கிறோம், யாரெல்லாம் பிற்பாடு கேட்கலாம் என்று வேலப்பனுக்கு எடுத்துச் சொன்னாள். வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம் என்றாள். வேலப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரி, போடுங்க," என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கேள்வியை இசக்கிசெல்விதான் கேட்கவேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். நாடாவில் கேட்ட அதே கேள்வியை, அதே மாதிரி கேட்டாள்.

"சாலையில வெல்லக்கடைச் சந்து முக்குல இருக்குற சுமைதாங்கி யாருக்காக நாட்டினது?"

"எழுதிக்கிடுங்க," என்றார் வேலப்பன். அது மட்டும் தானாக வந்துவிட்டது. தோளிலிருந்த துணியை எடுத்துச் சுருட்டிச் சும்மாடாக்கினார். அதைத் தலையில் வைப்பதா மடியில் வைப்பதா என்பதுபோல் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்து எழுந்தது, தலையில் ஒன்றும் இல்லாமலே.

"எனக்குத் தெரியாது," என்றார்.

ஆஷா கருவியை நிறுத்தவில்லை. வேலப்பன் சும்மாட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கக்கா ஒருத்தி உண்டும். பொன்னம்மைன்னு பேரு," என்றார். "அவளைப் பத்திக் கேளு மக்கா. அது எனக்குத் தெரியும்."